கேள்வி – பதில்: பாதை இருக்கிறது, அனுமதி எங்கே?

கேள்வி: மேக் கணினிக்கு எழுதிய என் குறிப்பேட்டுச் செயலி சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது செயலி எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு வேலிக்குள், ஓடுகிறது. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பு அப்போது திறக்கிறது. செயலியை மூடித் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. பாதையைச் சரியாகத்தான் சேமித்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: பாதையை மட்டும் சேமித்ததுதான் தவறு. சாண்ட்பாக்ஸில் பாதை என்பது வெறும் முகவரி. உள்ளே போகும் உரிமை அதில் கிடையாது. உரிமையைத் தருவது கோப்புத் தேர்வுப் பெட்டி. அது உங்கள் செயலிக்கு வெளியே, தனிச் செயல்முறையாக ஓடுகிறது. பயனர் தொட்ட கோப்புக்கு மட்டும், செயலி மூடும்வரை மட்டும் வழிவிடுகிறது.

ஆகவே கோப்பு கிடைத்த உடனே, அணுகல் உரிமையையும் சேர்த்து வைக்கும் ‘செக்யூரிட்டி ஸ்கோப்’ விருப்பத்தோடு புக்மார்க் (கோப்பை மீண்டும் கண்டுபிடிக்க உதவும் தரவு) உருவாக்கி, அந்தத் தரவைச் சேமியுங்கள். அடுத்த முறை அதிலிருந்து யூஆர்எல்லை (கோப்பின் முகவரியை) மீட்டு, அணுகலைத் தொடங்கி, வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். இந்த நிறுத்தத்தைப் பலரும் மறக்கிறார்கள். மறந்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வளம் கசியும். ஒரு கட்டத்தில் புதிய கோப்பு எதையும் தொட முடியாது, செயலியை மறுபடி தொடங்கும்வரை. மீட்கும்போது ‘பழையது’ என்ற கொடி வந்தால் புக்மார்க்கைப் புதிதாக எடுத்து வையுங்கள்.

எழுதும்போதும் ஒரு பொறி உண்டு. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பை எழுதிப் பெயர் மாற்றும் பழைய வழி இங்கே தோற்கும். கோப்புறைக்கு உங்களுக்கு உரிமை இல்லையே! ஆப்பிளின் ‘ஃபைல் மேனேஜர்’ நிரல் வகுப்பு தரும் மாற்றீட்டுக் கோப்புறையில் எழுதி, அதன் வழியாகவே மாற்றுங்கள். செயலியின் உரிமைப் பட்டியலில் (என்டைட்டில்மென்ட்ஸ்) ‘படிக்க மட்டும்’ என்றிருந்தால் எழுதும் முயற்சி எதுவும் பலிக்காது. முதலில் அதைப் பாருங்கள்.