மூளை இரத்தக் குறைவும் நொதி மரபணுக்களும்: வாசகர் கேள்விகள்

கே: இரத்த ஓட்டம் குறைந்ததும் எந்த நொதியின் மரபணு முதலில் கூடுகிறது?

ப: முதலில் எழுபவை நொதி மரபணுக்களே அல்ல, சி-ஃபாஸ் போன்ற உடனடி மரபணுக்கள். அவை நிமிடக் கணக்கில் எழுகின்றன. அழற்சி நொதியான காக்ஸ்-2-இன் மரபணு உச்சம் தொட அரை நாளுக்கு மேலாகும், நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியான ஐநாஸுக்கு ஓரிரு நாட்கள். நேரத்தைச் சொல்லாமல் 'கூடுமா, குறையுமா' என்று கேட்காதீர்கள்.

கே: எலியின் நடுப் பெருமூளைத் தமனியை அடைத்தேன். மாறாத அளவுகோல் என்று கொண்ட ஜிஏபிடிஹெச் மரபணுவுடன் ஒப்பிட்டால் காக்ஸ்-2 தூது ஆர்என்ஏ (நொதியைச் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) ஐந்து மடங்கு. நொதி ஐந்து மடங்கு கூடியது என்று எழுதலாமா?

ப: எழுதக் கூடாது. வருகிற கடிதங்களில் பாதி இந்தத் தவறைத்தான் சுமந்து வருகின்றன. இரத்த ஓட்டம் ஏறக்குறையப் பாதியாகும்போதே, நரம்பணுக்களின் மின்செயல்பாடு நிற்பதற்கு வெகு முன்பே, புரத உற்பத்தி ஒடுங்கிவிடுகிறது. அடைப்பை நீக்கினாலும் உடனே மீள்வதில்லை. புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2-ஆல்ஃபா என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறிவிடுவதால், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வேலையைத் தொடங்கவே முடிவதில்லை. தூது ஆர்என்ஏ குவிந்து கிடக்கும், நொதி இருக்காது. ஆகவே புரதத்தின் அளவை வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள், நொதியின் செயல்திறனையும் அளந்து பாருங்கள். அதோடு, ஜிஏபிடிஹெச்சை எப்படி நம்பினீர்கள்? அதுவே சர்க்கரையைச் சிதைக்கும் நொதி. ஆக்சிஜன் குறைந்தால் எழும் ஹிஃப்-1 என்ற புரதம் அதன் மரபணுவையும் தூண்டும். அளவுகோலே நீண்டால் அளவு என்னாவது? உங்கள் திசுவில் நிலையாக இருப்பதாகச் சோதித்த இரண்டு மூன்று மரபணுக்களோடு ஒப்பிடுங்கள். எத்தனை மணி நேரத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்பதும் கடிதத்தில் இல்லை!

கே: நைட்ரிக் ஆக்சைடு நல்லதா, கெட்டதா?

ப: எந்த உயிரணு, எந்த நேரம்? இரத்தக் குழாய்ச் சுவரில் அதை உண்டாக்கும் நொதியான ஈநாஸ் காக்கும். நரம்பணுவில் அதே வேலையைச் செய்யும் என்நாஸ் கெடுக்கும். என்நாஸ் இல்லாத சுண்டெலிகளில் சேதம் குறைவு என்று 1994-லேயே காட்டிவிட்டார்கள்.

கே: இந்த ஆய்வுகளுக்கு ஜெர்பில் என்ற பாலைவன எலி ஏன்?

ப: மூளையின் முன், பின் தமனிகளுக்கு இடையே அதற்கு இணைப்புக் குறைவு. கழுத்தின் இரு தமனிகளை அடைத்தாலே முன்மூளை வறண்டுவிடும். நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில், சிஏ1 என்ற பகுதியின் நரம்பணுக்கள் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் மடியும். 24 மணி மாதிரியை மட்டும் வைத்து 'பிழைத்தன' என்று எழுதிவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: நேரம்!

கே: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தேறிவிட்டார். ஆக்சிஜனின் நச்சு வடிவத்தை முறிக்கும் எஸ்ஓடி நொதியை மாத்திரையாகக் கொடுக்கலாமா?

ப: விழுங்கும் நொதி பெரும்பாலும் குடலிலேயே செரித்துவிடும். மருத்துவர் தந்த இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். மீண்டும் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுவது.