சிறையிலிருந்து வந்த கேள்வி

கேள்வி: பல வருடங்களாகத் தினமும் வேதம் வாசிக்கிறேன். கணவருக்கு வேலை போய்க் கடனும் ஏறியபின் எந்த வசனமும் மனதில் ஒட்டவில்லை. இயேசுதான் வருவார் என்று வாக்களிக்கப்பட்ட மேசியாவா என்றே சந்தேகம் வருகிறது. சபையில் சொல்லப் பயமாக இருக்கிறது. எப்படி வாசித்தால் விசுவாசம் பலப்படும்?

பதில்: சகோதரி, இதே கேள்வியை யோவான்ஸ்நானன் கேட்டிருக்கிறார். இயேசுவுக்கு யோர்தானில் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். ஏரோது அவரைச் சிறையில் அடைத்தபின், "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று தம் சீஷரை அனுப்பிக் கேட்டார். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். ஏசாயா 35, 61 அதிகாரங்களை அறிந்தவர்களுக்கு இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று உடனே புரியும். ஆசாரியன் வீட்டுப் பிள்ளையான யோவானுக்குப் புரியாமல் இருந்திருக்குமா?

இப்போது ஏசாயா 61:1ஐ மெதுவாக வாசியுங்கள். சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்றும் அதில் இருக்கிறது. சிறையில் இருந்தவருக்குப் போன பதிலில் அந்த வரி இல்லை! எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். யோவான் விடுதலையாகவில்லை, அங்கேயே சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆனால் வரவேண்டியவர் வந்துவிட்டார் என்பதற்கான அடையாளங்கள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. தூதர்கள் திரும்பிப் போனதும், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார். சந்தேகம் கேட்டு அனுப்பிய அதே மனிதரைப் பற்றித்தான் சொன்னார்.

புத்தாண்டில் எடுக்கும், ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப்போல வேதத்தை வாசித்தால், கடன் தீராதபோது அந்த வசனம் பொய்த்ததாகத் தோன்றும். ஆகவே சில வாரங்களுக்குத் தினசரி அட்டவணையை நிறுத்திவையுங்கள். ஏசாயா 35, 61, பிறகு நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு அதே பகுதியை வாசிக்கும் லூக்கா 4, பிறகு மத்தேயு 11 என்று ஒரே மூச்சில் வாசியுங்கள். இன்னொரு நாள் ஏசாயா 52:13 முதல் 53 முடியவும், அதோடு சுவிசேஷங்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அதிகாரங்களையும் வாசியுங்கள். ஏசாயா 53 "பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்தது" என்று எவராவது சொன்னால் கலங்க வேண்டாம்: 1947இல் சவக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோற்சுருள் இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு வரியையும் முன்னறிவிப்பாக இழுக்காதீர்கள். "எகிப்திலிருந்து என் குமாரனை" அழைத்தேன் என்னும் ஓசியா 11:1 முதலில் இஸ்ரவேலின் பழைய கதையைத்தான் பேசுகிறது. அந்தக் கதை இயேசுவில் நிறைவாகிறது என்கிறார் மத்தேயு. முதல் பொருளை மதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தனியாக வாசிக்கவும் வேண்டாம். ஏசாயா 53ஐக் கையில் வைத்திருந்த எத்தியோப்பிய மந்திரியும், ஒருவர் விளக்காவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, சுவிசேஷகனான பிலிப்புவைத் தன் இரதத்தில் ஏற்றிக்கொண்டார். சபையில் நீங்கள் நம்பும் ஓர் அக்காவை வீட்டுக்கு அழைத்து, மத்தேயு 11ஐச் சத்தமாக வாசியுங்கள். உங்கள் சந்தேகத்தையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.