ஃபிக்ஸடா, மெக்கானிக்கலா? வில் வேட்டைக்கான அம்புமுனை குறித்த வாசகர் கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வெளிநாடு சென்று குடியேறியவர்களும், அவர்களைக் காணச் செல்லும் உறவினர்களும், அங்கே உரிமம் பெற்று வில்லால் மான் வேட்டையாடுவது குறித்து அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை அம்புமுனையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. வேட்டைக்கான பிளேடு பொருத்திய முனையே பிராட்ஹெட். பிளேடு அசையாமல் நிற்கும் ஃபிக்ஸட் பிராட்ஹெட், பறக்கும்போது மடங்கியிருந்து உடலில் பட்டதும் விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட் ஆகிய இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டவர்களுள் சிலருக்கான பதில்கள் இவை.

டெக்சாஸில் மகன் வீட்டுக்குச் செல்கிறேன். அங்கே புள்ளிமான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். என்னுடையது 60 பவுண்டு இழுவிசை கொண்ட, கப்பிகள் பொருத்திய காம்பவுண்டு வில். எந்த முனை பொருந்தும்? (கோத்தகிரி வாசகர்)

மசினகுடிச் சாலையோரம் நாம் பார்க்கும் அதே புள்ளிமான்தான் 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெருகியிருக்கிறது. அங்கே அது அயல்நாட்டு விலங்காகக் கருதப்படுவதால் அதற்கு மூடுகாலம் (வேட்டை தடைசெய்யப்பட்ட மாதங்கள்) கிடையாது. ஆனாலும் வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் சம்மதமும் கட்டாயம் வேண்டும்.

முனையைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் அம்பின் ஆற்றலைக் கணக்கிடுங்கள். அம்பின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240 ஆல் வகுத்தால் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 260 அடி வேகத்தில் சென்றால், அதன் ஆற்றல் ஏறத்தாழ 60 அடி-பவுண்டு. இது இரண்டு வகை முனைக்கும் போதுமானது என்பதால், உங்கள் விஷயத்தில் வில்லின் வலிமை முடிவைத் தீர்மானிக்காது.

ஃபிக்ஸட் முனைகளின் வெட்டு அகலம் பொதுவாக 1 அங்குலத்திலிருந்து 1¼ அங்குலம் வரை இருக்கும். மெக்கானிக்கல் முனைகள் விரிந்தபின் 1½ அங்குலத்திலிருந்து 2 அங்குலமோ அதற்கு மேலுமோ வெட்டும். பெரிய காயத்தால் இரத்தம் விரைவாக வெளியேறும், தடம் தெளிவாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் பிளேடு விரிவதற்கும், அகலமான வெட்டைத் தசைக்குள் இழுத்துச் செல்வதற்கும் செலவாகும் ஆற்றல், அம்பு ஊடுருவிச் செல்வதற்கான ஆற்றலிலிருந்தே கழிகிறது. மேலும், முன்பக்கமாக மடங்கியிருந்து பின்னோக்கி விரியும் பழைய அமைப்புகளில், உடலில் சாய்வாகப் படும்போது ஒரு பிளேடு முதலில் சிக்கி, அம்பு திசை மாறக்கூடும். பின்புறமிருந்து நழுவி விரியும் அமைப்புகள் இந்தக் குறையைப் பெருமளவு குறைத்திருக்கின்றன.

புள்ளிமானைப் பொறுத்தவரை இந்தச் சாய்வு முக்கியமானது. நாணோசைக்கு அது துள்ளும் வேகம் பெயர்பெற்றது. 25 மீட்டர் தூரத்தில் ஓசை 0.07 நொடியில் அதன் காதை எட்டிவிடும். உங்கள் அம்போ 0.3 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட கால் நொடியில் மான் தாழ்ந்து திரும்பிவிட்டால், நேர்ப்பக்கமாக நின்றதன் மீது எய்த அம்பு சாய்வாகவே படும். ஆகவே, வில் நன்றாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் 100 கிரெய்ன் எடையுள்ள மூன்று பிளேடு ஃபிக்ஸட் முனையையே நான் தேர்ந்தெடுப்பேன். மெக்கானிக்கல்தான் வேண்டுமென்றால், 2 அங்குலத்தைத் தவிர்த்து, பின்புறமிருந்து விரியும் 1½ அங்குல முனையை வாங்குங்கள்.

நியூசிலாந்தில் வேலை பார்க்கிறேன். 30 மீட்டரில் பிளேடு இல்லாத பயிற்சி முனைகள் நடுவில் படுகின்றன. ஃபிக்ஸட் பிராட்ஹெட் நான்கு அங்குலம் இடப்பக்கம் விலகுகிறது. மெக்கானிக்கலுக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா? (குன்னூர் வாசகர்)

இலக்கில் சரியாகிவிடும், மானின் உடலில் சரியாகாது. ஃபிக்ஸட் முனையின் பிளேடுகள் அம்பின் முன்பகுதியில் சிறு இறக்கைகளாகச் செயல்படுகின்றன. வில்லிலிருந்து அம்பு சற்றுக் கோணலாகப் புறப்பட்டால், அந்த இறக்கைகள் கோணலை மிகைப்படுத்தி அம்பை விலக்கிவிடுகின்றன. மடங்கிய மெக்கானிக்கல் முனையில் காற்றைப் பிடிக்கும் பரப்பு குறைவு என்பதால் அது பயிற்சி முனையைப் போலவே போய்ச் சேரும். அதற்காகக் கோணல் நீங்கிவிட்டது என்று பொருளில்லை. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய்ப் படும்போது, முனை ஒரு திசையிலும் தண்டு வேறொரு திசையிலும் தள்ள, ஊடுருவும் ஆழம் குறைகிறது. மெக்கானிக்கல் முனை ஆழம் போகவில்லை என்று என்னிடம் குறைப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, வில்லை எப்போது டியூன் செய்தீர்கள், அதாவது அம்பு நேராகப் புறப்படும்படி எப்போது சரிசெய்தீர்கள் என்பதே.

முதலில் முனை பொருத்திய அம்பைச் சுழற்றிப் பார்த்து, நுனி தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். தள்ளாடினால் அந்த அம்பை ஒதுக்கிவிடுங்கள். தண்டின் விறைப்பு உங்கள் இழுவிசைக்கும் முனையின் எடைக்கும் ஏற்றதா என்பதையும் தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபாருங்கள். அதன்பின், பிராட்ஹெட் எந்தத் திசையில் வரவேண்டுமோ அந்தத் திசையில், வில்லில் அம்பு அமரும் தாங்கியை நகர்த்துங்கள். உங்களுக்கு அது வலப்பக்கம். ஒரு தடவைக்கு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல், பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் படும்வரை மாறி மாறி எய்து பாருங்கள். குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள், விலகல் நீங்கிய பிறகே அதைத் திருத்த வேண்டும். அம்பின் வாலில் சற்றே முறுக்கி ஒட்டப்பட்ட இறகுகள் இருந்தால் இந்த வேலை எளிதாகும்.

குறுக்குக் காற்று ஓயாத வெளிகளில் நன்கு டியூன் செய்த வில்லிலும் ஃபிக்ஸட் முனை அதிகம் விலகும் என்பதை மறுக்க முடியாது. டியூன் செய்த பின்னரும் காற்றே தடையாக இருந்தால், அப்போது மெக்கானிக்கலுக்கு மாறுவதில் நியாயம் உண்டு.

எங்கள் தோட்டத்துக்குள் மான்கள் வருகின்றன. வாங்கிய முனையை ஒன்றின் மீது சோதித்துப் பார்க்கலாமா? (கூடலூர் வாசகர்)

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம்; அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டுமல்ல, கொல்ல முயல்வதையும் உள்ளடக்கியது. சொந்த நிலம் என்பது இதில் விலக்காகாது. நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே 1879இல் வந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முனையைச் சோதிக்க, பிராட்ஹெட்டுக்கென்றே தயாரிக்கப்படும் நுரைப்பஞ்சு இலக்கு போதும். வில்வித்தைக் கழகத்தின் வைக்கோல் இலக்கில் அதை எய்யாதீர்கள், இலக்கு கிழிந்துபோகும்.

பென்சில்வேனியாவில் இருக்கும் என் மனைவியின் வில் 40 பவுண்டுதான். வலிமை குறைவு என்பதால் அகலமாக வெட்டும் மெக்கானிக்கல் ஈடுசெய்யுமா? (கொடைக்கானல் வாசகர்)

கேள்வி தலைகீழாக இருக்கிறது. 350 கிரெய்ன் அம்பு நொடிக்கு 200 அடி வேகத்தில் சென்றால் கிடைப்பது சுமார் 31 அடி-பவுண்டு மட்டுமே. மானுக்கு அது போதும். ஆனால் பிளேடுகளை விரிக்கவும் 2 அங்குலம் கிழிக்கவும் செலவிட்டுவிட்டு, மறுபக்கம் வெளியேற மிச்சம் இருக்காது. பட்ட கணத்திலேயே வெட்டத் தொடங்கும் கூர்நுனி கொண்ட இரண்டு பிளேடு ஃபிக்ஸட் முனையே அவருக்கு ஏற்றது. அந்த மாநிலத்தில் முனையின் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பது விதி. 1 அங்குல முனை அதை எளிதாக நிறைவுசெய்யும். வில்லின் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்கு அம்பின் எடையைக் கூட்டினால், வேகம் குறைந்தாலும் உந்தம் கூடி, அம்பு இன்னும் ஆழமாகச் செல்லும். ஆனால் எய்யும் தூரத்தை 20 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லண்டனில் உள்ள அண்ணன் மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார். எந்த முனையை எடுத்துச் செல்லலாம்? (பண்ணைக்காடு வாசகர்)

எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். இங்கிலாந்தில் மானை அம்பால் எய்வது சட்டவிரோதம். அண்ணன் ஒருவேளை துப்பாக்கி வேட்டையைச் சொல்லியிருக்கலாம், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கடமான் வேட்டைக்குப் போகிறோம். உடல் பெரிது என்பதால் பெரிய மெக்கானிக்கல் முனை நல்லதா? (ஊட்டி வாசகர்)

அவலாஞ்சியிலும் முக்கூர்த்தியிலும் காணும் கடமானின் இனமே அங்கும் காடுகளில் பெருகியிருக்கிறது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், விலா எலும்பு அகலம். உடல் பெரிதாகப் பெரிதாக, காயத்தின் அகலத்தைவிட அம்பு மறுபக்கம் வெளியேறுவதே முக்கியமாகிறது. மேட்டிலிருந்து எய்யும்போது நுழைவுக் காயம் உடலின் மேற்பகுதியில் இருக்கும். கீழே வெளியேறும் துளை இல்லாவிட்டால் இரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கி, தரையில் தடமே விழாமல் போகலாம். நுழைந்தது 2 அங்குலத் துளையாக இருந்தும் பயனில்லை. தடித்த பிளேடு கொண்ட 125 கிரெய்ன் ஃபிக்ஸட் முனையைக் கொண்டுசெல்லுங்கள். மான் நேர்ப்பக்கமாகவோ, உங்களுக்கு அப்பால் பார்த்தபடி சற்றுச் சாய்வாகவோ நின்று நுரையீரலைக் காட்டும்வரை காத்திருங்கள். முன்தோள் எலும்பை உடைத்துச் செல்வேன் என்று எந்த முனையை நம்பியும் எய்யாதீர்கள். இழுவிசை, முனை பற்றிய அந்த மாநிலத்தின் நடப்பாண்டு விதிகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஒருமுறை எய்த முனையைத் திரும்பப் பயன்படுத்தலாமா? மூடுபனியில் துருப்பிடிக்கிறது. (பூம்பாறை வாசகர்)

தடித்த பிளேடு கொண்ட ஃபிக்ஸட் முனை வளையாமல் இருந்தால், சாணைக்கல்லில் தீட்டி, கையின் மயிரைச் சிரைக்கும் கூர்மை வந்தபின் மீண்டும் பயன்படுத்தலாம். மெல்லிய பிளேடுகளைத் தீட்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. மெக்கானிக்கல் முனையில் பிளேடுகளோடு அவற்றை மடக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையத்தையோ காலரையோ ஒவ்வொரு எய்தலுக்குப் பின்னும் மாற்றுங்கள். பழைய ரப்பர் இறுகி வெடித்தால், பிளேடு பறக்கும்போதே விரிந்துவிடும். துருவுக்கு, கார்பன் எஃகு முனைகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். ஈரமான உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.