கரண்ட் போனதும் சக் திறந்தது. மிச்சப் பணம் கேட்டு நோட்டீஸ் வந்தது

கேள்வி: காரைக்குடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அரிசி ஆலைகளுக்குக் கன்மெட்டல் புஷ், கப்ளிங் கடைந்து கொடுக்கிறோம். பழைய கியர் லேத் ஒன்றைச் சிஎன்சியாக (கணினி புரோகிராமில் ஓடும் இயந்திரமாக) மாற்றித் தர வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ரூ.8,40,000-க்குப் பேசி, ரூ.6,30,000 கொடுத்துவிட்டேன். கடையும் பொருளை (ஜாப்) பிடிக்கும் கைச் சக்கைக் கழற்றி, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் சக் மாட்டி, ஃபுட் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார்கள். 2025 ஜூன் 12-ல் மெஷின் வந்தது. ‘ஜாப் பிடி தளர்கிறது’ என்று ஜூன் 20-ல் வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஆள் வந்து ஏதோ பார்த்துவிட்டுப் போனார். செப்டம்பரில் ஓட்டத்தில் இருக்கும்போதே கரண்ட் போனது. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்பதற்குள் சக் திறந்து, புஷ் தெறித்து, 28 வயதுப் பையனுக்கு வலது ஆள்காட்டி விரலின் நுனி எலும்பு போய்விட்டது. மாதச் சம்பளம் ரூ.16,000. ‘உங்கள் கம்ப்ரசரில் காற்று இறங்கிவிட்டது, ட்யூபையும் நீங்களே மாற்றியிருக்கிறீர்கள், வாரண்டி செல்லாது’ என்கிறார்கள். பாக்கி ரூ.2,10,000-ஐ வட்டியோடு கேட்டு வக்கீல் நோட்டீஸும் வந்துவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? பையனுக்கு நஷ்ட ஈடு அவர்கள்தானே தர வேண்டும்?

பதில்: மெஷினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ‘ஆன்லைனில் புரோகிராமை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம்’ என்று அந்த நிறுவனம் கேட்டால் அதற்கும் சம்மதிக்க வேண்டாம். உங்கள் வழக்கு இப்போது அந்த வால்விலும் வயரிங்கிலும்தான் இருக்கிறது.

விபத்தன்று எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா? சக்கின் தாடைகள் எந்த நிலையில் நின்றன என்பதைப் பாருங்கள். காற்று இறங்கியதால் பிடி தளர்ந்திருந்தால் தாடைகள் ஜாப் அளவைவிடக் கொஞ்சம்தான் விலகி நிற்கும். கடைசிவரை விரிந்து நின்றிருந்தால், சிலிண்டரின் திறக்கும் பக்கத்துக்குக் காற்று போயிருக்கிறது என்று பொருள். கரண்ட் போனால் கம்ப்ரசர் நிற்கும், டேங்கில் காற்று மிச்சம் இருக்கும். அந்தக் காற்று தாடையைத் திறந்திருந்தால் ‘காற்று இல்லாததுதான் காரணம்’ என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

அப்படித் திறப்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. சக்குக்குப் போகும் காற்றை மின்சாரத்தால் திருப்பிவிடும் 5/2 சோலினாய்டு வால்வில் ஒரே காயிலும் ஸ்பிரிங்கும் இருந்து, காயிலுக்குக் கரண்ட் வரும்போது சக் பிடிக்கும்படி இணைத்திருப்பார்கள். கரண்ட் போனதும் ஸ்பிரிங் வால்வைத் திருப்பிவிடும், சக் திறந்துவிடும். கரண்ட் வந்தால் திறக்கும், போனால் பிடித்தே இருக்கும் என்று மாற்றி இணைத்திருக்க வேண்டும். அல்லது கடைசி நிலையிலேயே நிற்கும் இரட்டைக் காயில் வால்வு போட்டிருக்க வேண்டும். விலை வித்தியாசம் பெரிதல்ல. வால்வின் பெயர்ப் பலகையையும், காயில் ஒன்றா இரண்டா என்பதையும் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாதத்துக்கு, கம்ப்ரசரில் காற்று இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். அதுவும் அவர்களுக்கு உதவாது. பிடிக்கும் விசை காற்றழுத்தத்துக்கு நேர்விகிதம்: 200 மி.மீ. பிஸ்டனில் 6 பார் அழுத்தம் ஏறத்தாழ 18.8 கிலோ நியூட்டன் இழுக்கும், 3 பார் ஆனால் அதில் பாதிதான். போதாததற்கு, ஸ்பிண்டில் வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசையால் தாடைப் பிடி மேலும் குறையும். இது தெரிந்ததால்தான் சக்குக்குப் போகும் பிடி லைனில் பிரஷர் ஸ்விட்ச் வைத்து, அழுத்தம் குறைந்தால் ஸ்பிண்டில் ஓடாதபடி கன்ட்ரோலில் கட்டுகிறார்கள். சிலிண்டரில் உள்ள காற்று பின்னோக்கிப் போகாமலிருக்க செக் வால்வும் வைக்கிறார்கள். கடைசல் இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 23125, நியூமேட்டிக் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 4414 ஆகிய தரநிலைகள் பேசுவதும் இத்தகைய ஆபத்துகளைத்தான். ஆகவே ‘காற்று இறங்கியது’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அதைக் கவனிக்கும் ஏற்பாட்டை வைக்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக வாதாடலாம். ஸ்விட்ச் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டர் ரெகுலேட்டருக்கு அடுத்து, வால்வுக்கு முன்னால் மாட்டியிருந்தால் அது மெயின் லைனைத்தான் அளக்கும். சக்கில் என்ன அழுத்தம் என்பது அதற்குத் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘அடிக்கடி ட்ரிப் ஆகிறது’ என்று அந்த ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் உங்கள் பட்டறையில் யாராவது ஷார்ட் செய்தார்களா? செய்திருந்தால் வழக்கின் கணக்கே மாறும், உங்கள் வக்கீலுக்கு முதல் நாளே அது தெரிந்தாக வேண்டும். ட்யூப் மாற்றியது அவ்வளவு பெரிய விஷயமல்ல. 8 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. போட்டிருந்தால் சக் மெதுவாகப் பிடிக்கும், மெதுவாகத் திறக்கும். கரண்ட் போனால் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ட்யூப் தீர்மானிப்பதில்லை. பழைய ட்யூபைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

அடுத்து பையன் விஷயம். இதில் சட்டம் உங்களைத்தான் பார்க்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் இஎஸ்ஐ உங்களுக்கு இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டாலும், உங்கள் விபத்து அதற்கு முந்தையது. மின்சாரம் கொண்டு உற்பத்தி நடக்கும் இடம் என்றால் போதும், இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பையன் கொஞ்சம் அஜாக்கிரதையாக நின்றான் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. போதையில் இருந்தான், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினான் என்பது போன்றவைதான் எதிர்வாதமாகும். இருந்த கவசத்தைத்தான் கழற்ற முடியும்.

தொகையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு ரூ.15,000. அதில் 60 விழுக்காடு ரூ.9,000. 28 வயதுக்குரிய காரணி 211.79, பெருக்கினால் ரூ.19,06,110. ஆள்காட்டி விரலில் ஒரு எலும்பு இழப்புக்கு அட்டவணை தருவது 9 விழுக்காடு. ஆக ரூ.1,71,550. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போயிருந்தால் 5 விழுக்காடுதான். இரண்டு எலும்பு என்றால் 11. எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியிருப்பதை எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிகிச்சைச் செலவு இதற்கு மேல் தனி. பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டியிருக்கும் போலிருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். இழப்பீட்டைக் குறைக்கும் அல்லது கைவிடும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசம் என்றால் முழுத்தொகைக்குச் செய்து, 28-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். பணம் வங்கி வழியாகப் போகட்டும். தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தால் இன்றைக்கே அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

‘அவர்கள்தானே தர வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருக்கிறது. காயத்துக்கு இன்னொருவர் சட்டப்படி பொறுப்பு என்றால், இழப்பீடு கொடுத்த முதலாளி அதை அவரிடமிருந்து ஈடுசெய்து பெறலாம். முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும், பிறகு அவர்களிடம் கேட்க வேண்டும். வரிசை மாறினால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

இனி பாக்கி ரூ.2,10,000. மூன்று மாதம் ஓட்டிவிட்டதால் மெஷினைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணமும் கேட்பது கடினம். சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் பார்க்கப்படும். ஆனால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, குறைபாட்டைக் காட்டி விலையைக் குறைக்கவோ முழுக்கக் கழிக்கவோ இடம் தருகிறது. இது விற்பனை அல்ல, வேலை ஒப்பந்தம் என்று அவர்கள் சொன்னால் நஷ்ட ஈடு கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இருக்கிறது.

நோட்டீஸில் கேட்ட வட்டி, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் ஜூன் 20 வாட்ஸ்அப் தங்கம். டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், அந்தக் குறை நீங்கிய நாள்தான் ஏற்பு நாள். நீங்கள் எட்டாவது நாளே எழுதிவிட்டீர்கள். பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அதே சட்டத்தில் உள்ள வசதிப்படுத்தல் கவுன்சிலுக்கு அவர்கள் போனாலும் அங்கேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம். சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒருதரப்பாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை எதிர்க்கத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் வாய் திறக்க முடியும்.

நுகர்வோர் ஆணையத்துக்கு நான் உங்களை அனுப்பமாட்டேன். கட்டணம் குறைவு, கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் ரூ.200-தான், சிவகங்கையிலேயே போடலாம் என்பதும் உண்மை. ஆனால் வணிக நோக்கம் என்ற கேள்வி முதல் வாய்தாவிலேயே வரும். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்த்தது, அதுவும் ஒரு சிஎன்சி டர்னிங் மெஷின் பற்றிய வழக்குதான். தானே ஓட்டி, ஒன்றிரண்டு பேர் துணையோடு பிழைப்பு நடத்துபவர் நுகர்வோர். லாபத்துக்காகப் பெரிய அளவில் உற்பத்தி செய்பவர் அல்ல. நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். வங்கிக் கடன் விண்ணப்பத்தில் ‘தொழில் விரிவாக்கம்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் எழுதித் தருவார்கள், எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டும்.

சிவில் வழிதான் உங்களுக்கு உறுதியானது. இழப்பீடு, சிகிச்சை, மெஷினைச் சரிசெய்யும் செலவு எல்லாம் கூட்டினால் 3 லட்சம் தாண்டும். தாண்டினால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால உத்தரவு தேவையில்லாதபோது, வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுப்போட்டே ஆக வேண்டும். நேரே வழக்குப் போட்டால் தள்ளுபடி ஆகும் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு 2022-ல் சொல்லிவிட்டது. காலக்கெடு மூன்று ஆண்டு. எங்கள் ஊர் நீதிமன்றம்தான் என்ற வரி நீங்கள் கையெழுத்திட்ட கொட்டேஷனில் இருந்தால் கட்டுப்படுத்தும். பின்னால் வந்த இன்வாய்ஸின் அடியில் மட்டும் அச்சடித்திருந்தால் எதிர்த்து வாதாடலாம்.

நோட்டீஸுக்குப் பதிலில் குறையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வயரிங் வரைபடமும், மெஷினின் கன்ட்ரோலரில் ஏற்றிய பிஎல்சி லேடர் புரோகிராமும் கேளுங்கள். கூட்டு ஆய்வுக்கு ஒரு தேதி குறியுங்கள். வராவிட்டால் அவர்கள் இல்லாமலே நடக்கும் என்று எழுதுங்கள். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையை எழுத்து மூலம் அணுகலாம், அல்லது ஒரு சார்ட்டர்டு இன்ஜினியரை வைக்கலாம். ஜாப் மாட்டாமல், முன்னால் யாரும் நிற்காமல் மூன்று சோதனைகள் போதும். ஸ்பிண்டில் குறைந்த வேகத்தில் ஓடும்போது ஃபுட் ஸ்விட்சை மிதித்தால் சக் அசைகிறதா? மெயின் ஸ்விட்சை அணைத்தால் தாடை என்ன செய்கிறது? காற்று வால்வை மூடி லைனை வடித்தால், பிடி லைன் கேஜில் எவ்வளவு நேரத்தில் அழுத்தம் இறங்குகிறது, ஸ்பிண்டில் நிற்கிறதா? மூன்றையும் வெட்டாமல் வீடியோ எடுங்கள். புரோகிராம் பேக்கப், வீடியோ, வாட்ஸ்அப் ஆகியவற்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4) பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அச்சு மட்டும் போதாது.

ஆய்வு முடிந்த பிறகு மெஷினைப் பூட்டி வைத்து உற்பத்தி இழப்பைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். வேறு ஆளை வைத்து வால்வு, பிரஷர் ஸ்விட்ச், ஸ்பிண்டில் நின்றால்தான் சக் திறக்கும் இன்டர்லாக் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். கழற்றிய வால்வைப் பையில் போட்டு, தேதியும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வைத்து ஒட்டி, பீரோவில் வையுங்கள்.