தானியங்கி ஸ்கிரிப்ட் மூலம் படங்களைச் சேமிப்பது குற்றமாகுமா?

கேள்வி: பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்றை எழுதி, ஓர் இணையதளத்தின் பக்கங்களை வரிசையாகத் திறந்து, அவற்றிலுள்ள படங்களைத் தானாகவே சேமித்து வந்தேன். இடையில் அந்தத் தளம் என் ஐ.பி. முகவரியை (இணையத்தில் என் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) தடுத்ததால், வேறு முகவரி வழியாகத் தொடர்ந்தேன். சில படங்களை என் இணையக் கடையிலும் போட்டிருக்கிறேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்துள்ளது. யாரும் பார்க்கக்கூடிய படங்களைச் சேமித்தது தவறா?

பதில்: படங்களைச் சேமித்தது, தடையைத் தாண்டிச் சேமித்தது, சேமித்தவற்றை வெளியிட்டது என மூன்று செயல்கள் உங்கள் கேள்வியில் கலந்திருக்கின்றன. சட்டம் இவற்றைத் தனித்தனியாகவே எடைபோடும். உங்களுக்குப் பெரிய ஆபத்து மூன்றாவதில்தான் இருக்கிறது.

யாரும் பார்க்கலாம் என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான, 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், புகைப்படத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கப் பதிவோ முத்திரையோ தேவையில்லை. பக்கத்தைப் பார்க்கும்போது பிரவுசர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பிரதியைப் பல நாட்டுச் சட்டங்கள் விலக்கி வைத்திருந்தாலும், ஸ்கிரிப்ட் உங்கள் கோப்புறையில் எழுதிவைக்கும் நிரந்தரப் பிரதிக்கு அந்த விலக்கு பொருந்தாது. சொந்த ஆய்வுக்காகச் சேமித்திருந்தால் நியாயமான பயன்பாடு என்று வாதிட இடமுண்டு. அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். வியாபாரத்துக்குப் பயன்படுத்திய பின் அந்த வாதம் மிகவும் பலவீனப்பட்டுவிடும்.

இதற்கு நல்ல உதாரணம், 2018 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வழங்கிய ரென்கோஃப் தீர்ப்பு. ஸ்பெயினின் கோர்தோபா நகரைக் காட்டும் தம் புகைப்படத்தை ஒரு சுற்றுலாத் தளத்துக்கு மட்டும் ரென்கோஃப் என்ற புகைப்படக்காரர் அனுமதித்திருந்தார். தடையின்றிக் கிடைத்த அந்தப் படத்தை மாணவி ஒருவர் தம் பாடக் கட்டுரையில் சேர்க்க, பள்ளி அதைத் தன் தளத்தில் ஏற்றியது. முதல் தளத்தில் கட்டுப்பாடு ஏதும் இல்லாதபோதிலும், இன்னொரு தளத்தில் புதிதாக ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். லாப நோக்கமற்ற ஒரு பள்ளிக்கே அந்த நிலை என்றால், கடை நடத்தும் உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஐ.பி. தடையைத் தாண்டியது உங்கள் வழக்கைக் கெடுக்கும். தளத்தின் பயன்பாட்டு விதிமுறைகள் தானியங்கிச் சேகரிப்பைத் தடை செய்திருந்தால் ஒப்பந்த மீறல் என்ற வாதமும், சில நாடுகளில் அனுமதியற்ற நுழைவு என்ற குற்றச்சாட்டும் எழக்கூடும். தடுத்த பிறகும் தொடர்ந்தீர்கள் என்பதால், தெரியாமல் செய்தேன் என்று இனிச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஸ்கிரிப்ட் படக்கோப்பை அப்படியே இறக்கியதா, அல்லது திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்ததா? திரைப்பிடிப்பில், கோப்புக்குள் இருக்கும் எடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் போய்விடும். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு எதிராக 1996ஆம் ஆண்டின் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கை தனியாகவே பாதுகாப்பு கோருகிறது.

இப்போதைக்கு ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டு, கடைப் பக்கங்களிலிருந்து படங்களை உடனே எடுத்துவிடுங்கள். ஆனால் சேமித்த கோப்புகளையும் ஸ்கிரிப்ட் எப்போது என்ன செய்தது என்பதைக் காட்டும் லாக் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸுக்குப் பின் அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகக் கருதப்படலாம். எந்தப் படம் எந்தப் பக்கத்தில் எத்தனை நாள் இருந்தது என்ற பட்டியலைத் தயாரித்து, அதனுடன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மன்னிப்புக் கடிதமாக இருந்தாலும், அவர் பார்க்காமல் எதிர்த்தரப்புக்கு எதையும் அனுப்ப வேண்டாம். நோட்டீஸில் குறிப்பிட்ட கெடுவைத் தவறவிடவும் வேண்டாம்.