செகண்ட் ஹேண்ட் பேக்கிங் மெஷினில் அளவை மாற்றினால் காப்புரிமை வழக்கு வருமா?

மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கி, சின்ன பாக்கெட் போடுவதற்கு மாற்றப் பார்க்கிறீர்கள். 'பேட்டன்ட் (காப்புரிமை) இருக்கிறது, வெளியாள் கை வைக்கக் கூடாது' என்று தயாரித்தவர்கள் மிரட்டுகிறார்கள். அதுதானே விஷயம்? தைரியமாகக் கேட்கலாம், "எந்தப் பேட்டன்ட், நம்பர் என்ன?" என்று.

நான் வக்கீல் இல்லை, கோவையில் இந்த வேலையே செய்கிறவன். சட்டம் படிக்காதவன் பேசலாமா என்று வருபவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரு மசாலா கம்பெனிக்கு 100 கிராம் மெஷினை 50 கிராமுக்கு மாற்றிக் கொடுத்தேன். கவரைப் பை வடிவத்துக்கு மடிக்கும் காலரும் ட்யூபும் புதிது, பொடியை அளந்து தள்ளும் ஆகர் ஸ்க்ரூவைச் சிறிதாகக் கடைந்து போட்டோம். மற்றதெல்லாம் பழையபடியே. உடனே மெஷின் தயாரித்தவர்களிடமிருந்து முதலாளிக்கு மெயில்: காப்புரிமை மீறல், மெக்கானிக் மீதும் வழக்கு. நம்பர் கேட்டு ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்குப் பதிலே வரவில்லை. நம்பர் போடாமல் வெறுமனே 'பேட்டன்டட்' என்று தகட்டில் அடித்திருந்தால், அதை வைத்து நமக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 111ஆம் பிரிவைப் பாருங்கள். நம்பர் தந்தால் காப்புரிமை அலுவலகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பேட்டன்டின் ஆயுளான 20 வருடம் முடிந்ததா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் நம் கேஸ் போலவே ஒன்று நடந்திருக்கிறது. மீனை டின்னில் அடைக்கும் பழைய மெஷின்கள் நான்கை வாங்கி, 35 உறுப்புகளில் 6-ன் அளவை மாற்றி, 1 பவுண்டு டின்னுக்குப் பதில் 5 அவுன்ஸ் டின் போட வைத்தார்கள். 1964-ல் வில்பர்-எல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வழக்கமான ரிப்பேரைவிட அதிகம்தான், ஆனாலும் ரிப்பேருக்கு உறவான வேலை, அந்த மெஷினுக்கு ராயல்டி (பேட்டன்ட்காரருக்கான பணம்) ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று சொல்லி, மீறல் இல்லை என்றது.

அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தில் ரிப்பேருக்கென்று தனிப் பிரிவும் இல்லை. ஆனால் 48ஆம் பிரிவு 'தயாரிப்பதை'த் தடுக்கிறது, அதனால் மெஷினையே காப்பியடித்து இன்னொன்று செய்யாதீர்கள். மாற்றும் பாகத்துக்கே தனிப் பேட்டன்ட் இருந்தால் அதையும் வெளியே செய்யக் கூடாது. வாரன்டி போவது வேறு கதை, அதற்குப் பேட்டன்ட் சட்டம் உதவாது.

இவ்வளவும் ஆன பிறகு அந்த மசாலா முதலாளி, மெயில் வந்ததைக் காரணம் காட்டி என் கூலியில் பாதியை நிறுத்திவிட்டார். மெஷின் தினமும் 50 கிராம் பாக்கெட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. லேத்காரருக்கு நான்தான் கைக்காசு கொடுத்தேன். வேலை முடித்த கூலியை வாங்குவதற்கு எந்தப் பிரிவைக் காட்டுவது, அதைத் தெரிந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்.