கலைச்சொற்களும் ஜாம்பியாவும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் முதுகலை அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். இளங்கலையைத் தமிழ்வழியில் முடித்தவள். இந்தப் பருவத்தில் உலக அரசியல், சமூகம், வளர்ச்சி பற்றி ஒரு தாள் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே பேராசிரியர் கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டார். வாணிப வீதம், சார்புக் கோட்பாடு, கட்டமைப்புச் சீரமைப்பு, கடன் நிபந்தனை, இறையாண்மைக் கடன், பரிமாற்ற விலை, உலகத் தெற்கு என்று அது நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எது எதனுடைய விளக்கம் என்றே தெரியவில்லை. அதே சொல் செய்தித்தாளில் வந்தால் அடையாளம் காணவும் முடியவில்லை. முக்கியமான ஐம்பது சொற்களுக்கு எளிய விளக்கம் எழுதி உங்கள் தளத்தில் வெளியிட முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

முடியாது. ஒரு பட்டியலே உங்களை இந்தப் பாடு படுத்துகிறது. என் பங்குக்கு இன்னொன்று எதற்கு? உங்கள் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. அந்த விளக்கங்களில் ஆள் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. யார் யாரிடம் என்ன கேட்டார்கள், யார் மறுத்தார்கள், கடைசியில் நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதையெல்லாம் உதறிவிட்டுத்தான் இரண்டு வரி விளக்கம் எழுத முடியும். உதறிய பிறகு எல்லாச் சொற்களும் ஒரே சாயலில்தான் நிற்கும்.

ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, இந்தச் சொற்கள் அங்கே என்ன செய்தன என்று பாருங்கள். நான் ஜாம்பியாவைச் சொல்வேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், கடற்கரையே இல்லாத செம்பு நாடு. நம் பத்திரிகைகளில் அதிகம் அடிபடாத பெயர் என்பதால் முன்முடிவுகளோடு போக மாட்டீர்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அங்கே நடந்தும் இருக்கிறது.

1964 அக்டோபர் 24 அன்று ஜாம்பியா விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்து வந்தது. முதல் அதிபர் கென்னத் கவுண்டா 1969-இல் சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்குகளை அரசுடைமையாக்குவதாக அறிவித்தார். விலை நன்றாக இருந்த காலம் அது; பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் செம்பு விலை சரிந்தது. முன்பு வாங்கிய அதே அளவு எண்ணெயையும் இயந்திரங்களையும் வாங்க இப்போது பல மடங்கு செம்பை விற்க வேண்டும். வாணிப வீதம் பாதகமாகத் திரும்புவது என்றால் இதுதான். சுரங்கத் தொழிலாளி அதே ஆழத்தில் அதே வியர்வையைத்தான் சிந்துகிறார். விலையோ லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகிறது. விலை மீளும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. ஒரு தலைமுறைக்கு அது மீளவில்லை.

மூலப்பொருள் விற்கும் நாடுகளுக்கு நீண்ட காலத்தில் இதுதான் கதி என்று அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷ் 1950 வாக்கிலேயே எழுதிவிட்டார். ஏழை நாடுகள் பணக்கார நாடுகளின் சந்தையைச் சார்ந்திருப்பதால்தான் பின்தங்குகின்றன என்னும் சார்புக் கோட்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: ஆட்சியாளர்களுக்கு இந்தக் கோட்பாடு மிகவும் பிடிக்கும். எல்லாப் பழியையும் வெளியே தள்ளிவிடலாம் அல்லவா? செம்பு காசாகக் கொட்டிய பத்தாண்டுகளில் வேறு தொழில்களை வேரூன்ற விடாததும், 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்ததும் லண்டன் சந்தையின் வேலை அல்ல.

அடுத்து, உங்களை மிகவும் குழப்பும் கட்டமைப்புச் சீரமைப்பு. இதற்கு 1986 டிசம்பருக்குப் போக வேண்டும். கடனில் மூழ்கியிருந்த ஜாம்பியாவுக்குப் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) உதவ வந்தது. செலவைக் குறை, நாணய மதிப்பைச் சந்தையிடம் விடு, மானியத்தை வெட்டு என்பவை அதன் நிபந்தனைகள்; இந்தத் தொகுப்புக்குத்தான் கட்டமைப்புச் சீரமைப்பு என்று பெயர். ஜாம்பியர்களின் அன்றாட உணவு மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ன்ஷிமா என்னும் களி. அந்த மாவில் இரண்டு தரம் உண்டு. நன்றாகச் சலித்த வெள்ளை மாவை பிரேக்ஃபஸ்ட் மீல் என்பார்கள். தவிடு கலந்த மலிவான மாவுக்கு ரோலர் மீல் என்று பெயர். அரசு கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தது. வெள்ளை மாவுக்கு மட்டும் மானியத்தை எடுத்துவிட்டு, ஏழைகள் வாங்கும் மாவுக்கு வைத்துக்கொள்வது. இலக்கு சார்ந்த மானியம் என்று உங்கள் பட்டியலில் இருக்குமே, அதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு.

காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மலிவு மாவுக்கான மானியத் தொகையை அரசு உரிய காலத்தில் தருமா என்ற சந்தேகம் ஆலைக்காரர்களுக்கு. அவர்கள் அந்த மாவை அரைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். கடைகளில் எஞ்சியது வெள்ளை மாவு. அதன் விலையோ ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல். கிட்வே, நிடோலா போன்ற சுரங்க நகரங்களில் கலவரம் மூண்டது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். கவுண்டா விலையேற்றத்தைத் திரும்பப் பெற்று ஆலைகளை அரசுடைமையாக்கினார். 1987 மே மாதம் பன்னாட்டு நிதியத்தின் திட்டத்தையே உதறிவிட்டு, ஏற்றுமதி வருவாயில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கடனுக்குக் கட்ட மாட்டோம் என்றார். அந்த வீறாப்பு நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அதே வாசலுக்குத் திரும்ப நேர்ந்தது. 1991 தேர்தலில் ஆட்சியும் போயிற்று.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கட்டமைப்புச் சீரமைப்பு என்ற சொல்லை உங்களால் மறக்க முடியுமா? அந்தக் கொள்கையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இந்தக் கதையில் சான்று இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மானியத்தை வெட்டச் சொன்னதே தவறு என்று ஒருவர் சொல்லலாம். வெட்டச் சொன்னது சரி, ஆலைக்காரர் நம்பாத அரசுதான் சிக்கல் என்று இன்னொருவர் சொல்லலாம். நான் முதலாமவர் பக்கம். பணம் கொடுக்கிறவர் தன் நிபந்தனை எந்த நாட்டில், எந்த நிர்வாகத்தின் கையால் நிறைவேறப் போகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதால் 1999-இல் பலகையை மாற்றினார்கள். பன்னாட்டு நிதியத்தின் கடன் வசதிக்கு வறுமைக் குறைப்பு, வளர்ச்சி என்று புதிய பெயர் வந்தது. பெருங்கடன் சுமந்த ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டம் 1996-இலேயே தொடங்கியிருந்தது. அதை முழுதாகப் பெறவும் நிபந்தனைகள் உண்டு. ஜாம்பிய அரசு ஊழியர்களின் ஊதியச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விளைவு, 2004 வாக்கில் பயிற்சி முடித்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார்கள். அதே வேளையில் பள்ளிகளில் ஆசிரியர் இல்லை. 2005 ஏப்ரலில் தள்ளுபடி கிடைத்தது. சுமார் 700 கோடி டாலராக இருந்த வெளிக்கடன் அடுத்த ஆண்டுக்குள் 100 கோடிக்கும் கீழே வந்தது. 2006 ஏப்ரல் முதல் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் கட்டணம் ஒழிந்தது. தள்ளுபடியால் பயனில்லை என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கேதான் உங்கள் பட்டியலில் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சொல் வருகிறது: கழுகு நிதியம். 1979-இல் ருமேனியா சுமார் ஒன்றரைக் கோடி டாலர் கடன் கொடுத்து ஜாம்பியாவுக்கு டிராக்டர்களை அனுப்பியது. ஜாம்பியாவால் கட்ட முடியவில்லை. இருபது ஆண்டுகளில் வட்டியோடு சேர்ந்து அது ஏறத்தாழ மூன்று கோடியாகிவிட்டது. வந்தவரை போதும் என்று ருமேனியா இறங்கிவந்த நேரத்தில், டொனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1999-இல் அந்தக் கடனைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஊரில் வசூலாகாத புரோநோட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு வட்டிக்கு வட்டி போட்டு வழக்குத் தொடுப்பவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே தொழில்தான். ஜாம்பியாவுக்கு மற்றவர்கள் கடனை விட்டுக்கொடுத்த பிறகு, அதனிடம் இப்போது காசு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, 5.5 கோடி டாலர் கேட்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் டொனிகல் நின்றது. 2007-இல் நீதிமன்றம் சுமார் 1.55 கோடி டாலரைத் தரச் சொன்னது. போட்டதற்கு நான்கு மடங்குக்கும் மேல். இந்த வழக்கு கிளப்பிய கோபத்துக்கும் பங்கு உண்டு, 2010-இல் பிரிட்டன் இத்தகைய வசூலுக்கு வரம்பிடும் சட்டம் இயற்றியதில்.

பரிமாற்ற விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாம்பியாவின் ஏற்றுமதிக் கணக்கில் செம்பை மிக அதிகமாக வாங்கும் நாடு பல ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்து. அந்தச் செம்பு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாங்கி விற்கும் வணிக நிறுவனங்களின் அலுவலகங்கள் அங்கே இருக்கின்றன, அவ்வளவுதான். சுரங்கம் தன் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கே சரக்கை விற்கும்போது என்ன விலை எழுதிக்கொள்கிறது என்பதைப் பொறுத்து, இலாபம் எந்த நாட்டில் தெரியும், வரி எந்த நாட்டுக்குப் போகும் என்பது முடிவாகிறது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த பெயரும் இந்தக் கதையில் உண்டு. ஜாம்பியாவின் கொன்கொலா செம்புச் சுரங்கங்களின் பெரும்பங்கை 2004-இல் வாங்கியது வேதாந்தா குழுமம். நச்சங்கா சுரங்கக் கழிவு தங்கள் ஆற்று நீரையும் நிலத்தையும் கெடுத்துவிட்டது என்று சிங்கோலா பகுதிக் கிராமத்தினர் 1,826 பேர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். சுரங்கம் ஜாம்பியாவில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று வாதாடியது நிறுவனம். அவ்வளவு ஏழைகள் இத்தகைய வழக்கை அங்கே நடத்துவதற்கு நிதியும் கிடைக்காது, அனுபவமுள்ள வழக்கறிஞரும் கிடைக்கமாட்டார்கள் என்று கூறி, வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே 2021-இல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தாய் நிறுவனத்தின் பொறுப்பு என்ற கருத்துக்கு இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் காட்டும் வழக்கு இது. வளரும் நாடுகளை ஒரே அணியாகக் குறிக்கும் உலகத் தெற்கு என்ற சொல்லையும் இங்கே உரசிப் பாருங்கள். இந்தியர் தொடங்கி, லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனம். எதிரே ஆப்பிரிக்கக் கிராமத்தார். சிங்கோலா விவசாயிக்கு நாம் எந்தத் திசை?

இறையாண்மைக் கடனுக்கு, அதாவது ஒரு நாட்டின் அரசு வாங்கும் கடனுக்கு வருவோம். பழைய கடன் தீர்ந்து கை சுத்தமாக இருந்த ஜாம்பியா 2012-இல் 75 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. வட்டி 5.375 விழுக்காடு. கேட்டதைவிடப் பல மடங்கு பணத்தோடு முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். 2014-இல் இன்னும் 100 கோடி, 2015-இல் 125 கோடி. அதற்குள் வட்டி ஒன்பது விழுக்காட்டை நெருங்கிவிட்டது. சீனக் கடன்கள் தனி. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் ஜாம்பியா கைவிரித்தது. கொரோனா காலத்தில் முதலில் கைவிரித்த ஆப்பிரிக்க நாடு அதுதான்.

பிறகு நடந்ததில் நீங்கள் கவனிக்க வேண்டியது யார் நாட்டாமை என்ற சண்டையை. பழைய காலத்தில் கடன் கொடுத்த மேற்கு நாடுகள் பாரிஸ் கிளப் என்ற பெயரில் கூடி முடிவெடுத்துவிடும். இப்போது பெரிய அளவில் கடன் கொடுத்திருப்பது சீனா. அது அந்த கிளப்பில் இல்லை. ஜி-20 நாடுகள் வகுத்த பொதுச் சட்டகத்தின் கீழ், சீனாவும் பிரான்சும் இணைத்தலைமை ஏற்க, 630 கோடி டாலர் கடனைத் திருத்தியமைக்க 2023 ஜூனில் உடன்பாடு வந்தது. பத்திரக்காரர்களோடு ஜாம்பியா தனியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தபோது, நாங்கள் விட்டுக்கொடுத்த அளவுக்கு அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று கடன் கொடுத்த அரசுகள் நவம்பரில் அதை நிராகரித்தன. சமநடத்தை விதி என்று நூல்களில் வருவது இந்த மல்லுக்கட்டைத்தான். எல்லாம் பேசி முடித்துப் புதிய பத்திரம் வந்தது 2024 ஜூனில். அதற்குள் வறட்சி வந்து, அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் தேசியப் பேரிடராக அறிவித்திருந்தார்கள்.

வருமானத் தரவரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக வங்கி 2022 ஜூலையில் ஜாம்பியாவைக் கீழ் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையிலிருந்து குறைந்த வருமான வரிசைக்கு இறக்கியது. அடுத்த ஜூலையில் மறுபடி ஏற்றியது. தனிநபர் வருமானத்தை டாலரில் கணக்கிடுவதால், நாட்டு நாணயத்தின் மதிப்பு ஆடினாலும் வரிசை மாறும். எல்லைக்கோட்டருகே நிற்கும் நாடுகளைப் பற்றி எழுதும்போது இந்தத் தலைப்புகளை நம்பிக் கட்டுரை கட்டாதீர்கள்.

தேர்வுக்கு விளக்கம் எழுதித்தான் ஆக வேண்டும், தெரியும். முதல் இரண்டு வரியில் பேராசிரியர் கேட்கும் விளக்கத்தை எழுதுங்கள். உடனே ஆண்டோடும் ஊரோடும் இப்படி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். திருத்துகிறவர் ஒரே விளக்கத்தை நூறு தாள்களில் படித்துச் சலித்திருப்பார்.

ஜாம்பியாவை முடித்த பிறகு கானாவை நீங்களே எடுத்துப் பாருங்கள். அங்கே செம்பின் இடத்தில் கோகோவும் தங்கமும் இருக்கும். 2022 டிசம்பரில் அந்த நாடும் வெளிக்கடன்கள் பெரும்பாலானவற்றுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது. ஆனால் அங்கே உள்நாட்டுப் பத்திரம் வைத்திருந்தவர்கள் மீதும் கை வைத்தார்கள், ஓய்வூதியர்கள் நிதி அமைச்சகத்தின் வாசலில் மறியல் செய்தார்கள். அதற்குரிய சொல் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று தேடி எழுதுங்கள்.